ஆறு கரண்டி உப்பு

அறுபதுகளின் தொடக்கத்தில், ஒரு தைப்பொங்கல் கழிந்த வாரத்தில் எனக்கு முதல் வேலை கிடைத்தது. திண்டுக்கல் டவுனுக்குள் ஒரு பெண்கள் நடுநிலைப் பள்ளி. அங்கே விஞ்ஞானம் நடத்திக்கொண்டிருந்த டீச்சர் பிரசவத்துக்குத் தாய் வீடு போயிருந்தார். அவர் திரும்பி வரும்வரை அவர் இடத்தில் நான். உத்தரவில் ‘திரும்பும்வரை’ என்றுதான் போட்டிருந்ததே தவிர, தேதி போடவில்லை. அதனால் தினமும் காலையில் பள்ளிக்கூட வாசலில் நுழையும்போதே, மரத்தடியில் யாராவது கைக்குழந்தையோடு நிற்கிறார்களா என்று என் கண் தேடும். நிற்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் மூச்சு வரும்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஊர் வடமதுரைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். டவுனில் அக்கா வீட்டில் தங்கி வேலைக்குப் போய்வந்தேன். வேலை நிரந்தரமானால் கல்யாணப் பேச்சைக் கொஞ்ச நாள் தள்ளிப் போடலாம் என்று எனக்குள் ஒரு கணக்கு இருந்தது. வேலை போனால் ஊருக்குத் திரும்ப வேண்டும், அங்கே ஜாதகத்தோடு ஆள் காத்திருந்தது. அந்த மூன்று மாதமும் நான் நாற்காலியில் உட்கார்ந்து பாடம் நடத்திய ஞாபகமே இல்லை. கரும்பலகைக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டே இருப்பேன். பிள்ளைகள் கழுத்தைத் திருப்பித் திருப்பி என்னைப் பார்ப்பார்கள்.

விஞ்ஞானத்துக்கென்று பள்ளியில் இருந்தது ஒரே ஒரு அலமாரி. அதற்குள் கண்ணாடிக் குவளை இரண்டு, அதில் ஒன்று விளிம்பு உடைந்தது. ஒரு தெர்மாமீட்டர், உள்ளே பாதரசம் நடுவில் அறுந்து இரண்டு துண்டாக நின்றது. ஸ்பிரிட் விளக்கு ஒன்று உண்டு. பாடப்புத்தகத்தில் அதைச் ‘சாராய விளக்கு’ என்று போட்டிருந்ததால் பெயரைச் சொன்னாலே வகுப்பு சிரிக்கும். மதுவிலக்குக் காலம். அந்த விளக்குக்கு ஊற்ற ஸ்பிரிட் வாங்கி எத்தனை வருஷம் ஆகியிருக்குமோ, திரி காய்ந்து கருவாடாகக் கிடந்தது. சுடுதண்ணீர் வேண்டுமென்றால் மதியச் சாப்பாடு சமைக்கும் கொட்டகைக்குத்தான் ஆள் அனுப்ப வேண்டும்.

மாசி மாதத்தில் ஏழாம் வகுப்புக்கு அந்தப் பாடம் வந்தது. வெப்பமும் கரைதலும். குளிர்ந்த நீரைவிட வெந்நீரில் பொருள்கள் அதிகமாகக் கரையும், உப்பைக் கொண்டு சோதித்துப் பார்க்க, என்று புத்தகத்தில் இருந்தது. நான் ஒரு கைப்பிடிக் கல்லுப்பை இடித்துப் பொடியாக்கிக் கொண்டுபோனேன். இரண்டு குவளையிலும் ஒரே அளவு தண்ணீர். ஒன்று பானையில் மொண்டது, இன்னொன்று கொட்டகையிலிருந்து கொதிக்கக் கொதிக்க வந்தது. காபிக் கரண்டியால் அள்ளி, தலை தட்டி, ஒவ்வொன்றாகப் போட்டேன். வகுப்பே சேர்ந்து எண்ணியது.

பச்சைத் தண்ணீரில் ஆறு கரண்டி கரைந்தது. ஆறாவது கரைவதற்குள் என் மணிக்கட்டு வலித்துப் போனது. ஏழாவது கரையாமல் அடியில் தங்கிவிட்டது. சுடுதண்ணீரில் ஆறு கரண்டியும் போட்ட வேகத்தில் காணாமல் போயிற்று. பிள்ளைகள் “ஆ” என்றார்கள். எனக்கும் தெம்பு வந்தது. ஏழாவதைப் போட்டேன். கலக்கினேன். திரும்பவும் கலக்கினேன். அடியில் வெள்ளையாக நின்றது. கரண்டியைக் குவளையில் தட்டித் தட்டிக் கலக்கினேன். நின்றது நின்றபடி நின்றது.

மணி அடிக்க ஐந்து நிமிஷம்தான் இருந்தது. “பாத்தீங்களா, சுடுதண்ணியில அதிகமாக் கரைஞ்சிருக்கு” என்று சொல்லிக்கொண்டே குவளைகளைத் தூக்கி ஓரமாக வைத்தேன்.

மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் ஒரு பெண் எழுந்து நின்றாள். கேட்டால் ஒழிய வாய் திறக்காத பிள்ளை. அவளுடைய அய்யா சாயப்பட்டறையில் வேலை பார்த்தார். பள்ளி விட்டதும் இவளும் அங்கே போய் நூலைப் பிழிந்து காயப்போடுவாளாம். அதனால் அவளுடைய நகக்கண்களில் எப்போதும் நீலமோ சிவப்போ ஏறியிருக்கும்.

“டீச்சர், சுடுதண்ணியில வெரசாக் கரைஞ்சுச்சு. ஆனா கூடக் கரையல. ரெண்டுலயும் ஆறுதான்.”

எனக்குக் காது சூடாகிவிட்டது. “கலக்குனது பத்தல. புத்தகத்துல என்ன போட்டிருக்குன்னு பாரு. உக்காரு” என்றேன்.

உட்கார்ந்துவிட்டாள். முகத்தில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. அதுவே எனக்கு என்னவோ செய்தது.

வெள்ளிக்கிழமை சோதனை நோட்டுகளைத் திருத்தினேன். முப்பத்துச் சொச்சம் நோட்டுகளிலும் ‘சுடுநீரில் அதிகம் கரைந்தது’ என்று அச்சு வார்த்தது போல ஒரே வாக்கியம். இவள் நோட்டில் மட்டும்: ‘குளிர்ந்த நீர் – ஆறு கரண்டி. சுடுநீர் – ஆறு கரண்டி. சுடுநீரில் சீக்கிரம் கரைந்தது.’ கோணல் இல்லாத எழுத்து. அதன் குறுக்கே நான் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டு, ‘தவறு’ என்று எழுதினேன். எழுதும்போதே ஏழாவது கரண்டி அடியில் நின்றது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மறந்துபோய் எழுதியதல்ல அது. நோட்டை மூடி மற்ற நோட்டுகளுக்கு அடியில் செருகினேன். சாயங்காலம் பள்ளி விடும் முன் எல்லா நோட்டுகளையும் பிள்ளைகளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

சனிக்கிழமை லீவு. காலையிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. துவைக்கப் போட்ட சேலையை அலசாமலே கொடியில் போட்டுவிட்டு, அக்கா திட்டியதும் எடுத்து அலசினேன். கடைசியில் அடுப்படிக்குப் போய் இரண்டு கண்ணாடி டம்ளரை எடுத்து உப்பு ஜாடியைத் திறந்தேன். ஆறு. ஆறு. ஒருவேளை தண்ணீரில்தான் குற்றமோ என்று தோன்றியது. எங்கள் தெருக் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க விளங்காத உப்பு. ஏற்கனவே உப்பு இருக்கிற தண்ணீரில் உப்பைப் போட்டால் எப்படி என்று நினைத்து, குழாயில் பிடித்து வைத்திருந்த நல்ல தண்ணீரை எடுத்தேன். அதிலும் ஆறுதான். நன்றாகக் குனிந்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால், சுடுதண்ணீர் டம்ளரின் அடியில் நின்றது ஒரு சிட்டிகை குறைவு. அவ்வளவுதான் வித்தியாசம். அதைக் கடைசி வரிசைப் பிள்ளை பார்க்க முடியாது. முதல் வரிசைப் பிள்ளைகூடப் பார்க்க முடியாது.

அக்கா வந்து எட்டிப் பார்த்தாள். “ஏண்டி, வீட்டு லச்சுமிய இப்படித் தண்ணியில கரைக்கிறியே, ஒனக்குப் பைத்தியமா? இம்புட்டு உப்பையும் இனி எந்தக் கொழம்புல ஊத்துறது?”

“பள்ளிக்கூடத்து வேலைக்கா.”

“பள்ளிக்கூடத்துல போய்ச் செய்யி.”

மதியம் டிரங்குப் பெட்டியைக் கிளறி, நான் பயிற்சிப் பள்ளியில் படித்தபோது எழுதிய நோட்டைத் தேடி எடுத்தேன். அதே சோதனை அதிலும் இருந்தது. ‘சுடுநீரில் அதிகம் கரைந்தது’ என்று என் கையெழுத்தில், பக்கத்தில் சரி என்று குறி போட்டு. எப்போது செய்தோம் என்று யோசித்துப் பார்த்தேன். செய்யவே இல்லை. கரும்பலகையில் எழுதிப் போட்டதைப் பார்த்து எழுதினோம். குளிர்ந்த நீருக்கு ஆறு என்றும், சுடுநீருக்கு ஒன்பது என்றும் எண்கூடப் போட்டிருந்தேன். யாரோ சொன்ன எண்.

அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்துக்கும் வாசலுக்குமாக எத்தனை தடவை நடந்தேனோ. அக்கா வீட்டுக்காரர் வெளியூரிலிருந்து வந்தவர், “என்ன, கொழுந்தியாளுக்கு இருப்புக் கொள்ளல?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை மணி அடிக்கும் முன்னாலேயே அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். “ஒன் நோட்டக் கொண்டா. நீ எழுதுனது சரிதான். நான்தான் தப்புன்னு போட்டுட்டேன். மாத்தித் தர்றேன்.” அந்த வார்த்தைகளை வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தேன்.

அவள் தயங்கித் தயங்கி நோட்டை நீட்டினாள். பிரித்தேன். என் சிவப்புக் கோடு இருந்த பக்கம் இல்லை. கிழித்திருந்தாள். அடுத்த பக்கத்தில் புதிதாக எழுதியிருந்தது: ‘குளிர்ந்த நீர் – ஆறு கரண்டி. சுடுநீர் – எட்டுக் கரண்டி. ஆகவே சுடுநீரில் அதிகம் கரையும்.’

“எட்டுன்னு எப்படி வந்துச்சு?”

அவள் நகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். “நீங்க தப்புன்னு போட்டீகள்ல டீச்சர்.”

“அதுக்கு?”

“அதான் எட்டுன்னு போட்டேன்.”

என் பழைய நோட்டில் இருந்த ஒன்பதைவிட ஒன்று குறைத்துப் போட்டிருக்கிறாள் என்று மட்டும் தோன்றியது. அந்த நாளில் என் கையால் நடந்த கெட்ட காரியம் எது என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன். ஒரு பிள்ளைக்கு எண்ணத் தெரிந்திருந்தது. நான் நாலே நாளில் அதை மறக்கப் பழக்கிவிட்டேன்.

“நீ மொதல்ல எழுதுனதுதாண்டா சரி. வீட்டுலயும் செஞ்சு பாத்தேன். ஆறுதான்.”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நம்பினாளா என்று தெரியவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னாள்: “எங்க பட்டறையிலயும் உப்புக்குச் சுடுதண்ணி தேட மாட்டாக டீச்சர். பச்சத்தண்ணியிலயே போட்டுக் கரைப்பாக. படிகாரத்துக்குத்தான் கொதிக்கணும். பச்சத்தண்ணியில போட்டா அது கல்லு மாதிரி அப்படியே கெடக்கும்.”

“படிகாரமா?”

“ஆமா. கொதிக்கிற தண்ணியில அம்புட்டும் கரைஞ்சிரும். ஆறுனா திரும்பவும் கல்லாயிரும். எங்க அய்யா வையும், ஆற விட்டுட்டியேன்னு.”

அன்று மத்தியானமே தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். எல்லாரும் அவரைப் பெரிய டீச்சர் என்போம். திண்டுக்கல்லிலேயே பிறந்து வளர்ந்த கிறிஸ்தவக் குடும்பம், அம்மாவும் ஆசிரியை, பாட்டியும் ஆசிரியை. மேஜை மேல் ஒரு கடிதம் இருந்தது.

“வியாழக்கிழமை டெபுடி இன்ஸ்பெக்டர் வாராரும்மா. ஒன் பாடத்தப் பாக்கணும்னு சொல்லியிருக்காரு. அந்த உப்புப் பாடம் கையில தயாரா இருக்குல்ல, அதையே நடத்திரு.”

“அது வரல டீச்சர்.”

“என்ன வரல?”

“உப்பு, சுடுதண்ணியில கூடக் கரையல. ரெண்டுலயும் ஒரே அளவுதான்.”

பெரிய டீச்சர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “இந்தா பாரும்மா, முப்பது வருஷமா இந்தப் பள்ளிக்கூடத்துல அந்தப் பாடம் நடக்குது. எவளும் வரலன்னு சொன்னதில்ல. பச்சத்தண்ணியில அஞ்சோட நிறுத்து. சுடுதண்ணியில ஆறு போடு. இன்ஸ்பெக்டர் வந்து கரண்டியவா எண்ணப்போறாரு?”

அவர் கெட்டவர் இல்லை. பள்ளியின் அங்கீகாரம், ஆசிரியர்களின் இடம், எல்லாம் அந்த ஒரு நாள் எழுதும் குறிப்பில் தொங்கும். என்னுடைய இடமும்தான். “நல்லபடியா எழுதிட்டுப் போனா, ஒன்ன இங்கயே வச்சுக்க நானும் எழுதிக் கேக்கலாம்” என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

அந்த மூன்று நாளும் எப்படிப் போயின என்று இப்போது நினைத்தாலும் படபடக்கிறது. அஞ்சோடு நிறுத்துவது மிகச் சுலபம். யாருக்கும் தெரியாது. ஆனால் மூன்றாவது வரிசையில் ஒரு பிள்ளை மனதுக்குள் எண்ணிக்கொண்டிருப்பாள். எண்ணிவிட்டு, நான் சொன்ன எண்ணை எழுதுவாள். அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாட்டு மருந்துக் கடையில் ஒரு பெரிய கட்டிப் படிகாரம் வாங்கினேன். சவரக் கடைக்கா என்று கேட்டுக் கடைக்காரர் சிரித்தார். அக்காவுக்குத் தெரியாமல் அதில் பாதியை உரலில் இடித்தேன். பச்சைத் தண்ணீரில் இரண்டு கரண்டி கரைந்தது, மூன்றாவது கரையவில்லை. கொதிக்கும் தண்ணீரில் மூன்று, நாலு, ஐந்து, ஆறு என்று போய்க்கொண்டே இருந்தது. பத்தாவது கரண்டியும் கரைந்தது. இடித்த பொடி தீர்ந்துவிட்டது, தண்ணீர் இன்னும் கேட்டது.

வியாழக்கிழமை காலை. இன்ஸ்பெக்டர் வெள்ளைக் கோட்டு, தலைப்பாகை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மடியில் நோட்டை விரித்துக்கொண்டார். பெரிய டீச்சர் வாசல் பக்கம் நின்றார்.

நான் நாலு குவளை வைத்திருந்தேன், இரண்டு அக்கா வீட்டு டம்ளர். உப்பை முதலில் எடுத்தேன். ஐந்தாவது கரண்டி பச்சைத் தண்ணீரில் கரைந்ததும் பெரிய டீச்சர் என்னைப் பார்த்தார். என் கை அந்தரத்தில் நின்றது. ஒரு நொடிதான் இருக்கும். பிறகு ஆறாவதைப் போட்டேன். ஏழாவதையும் போட்டேன். சுடுதண்ணீரிலும் அப்படியே.

“எதுல அதிகமாக் கரைஞ்சிருக்கு?” என்று கேட்டேன்.

“சுடுதண்ணியில!” என்று வகுப்பே கத்தியது. புத்தகத்தை ஒப்பித்தார்கள். நான் நடத்திய பாடம்தானே.

கடைசி பெஞ்சிலிருந்து இன்ஸ்பெக்டர் எழுந்து வந்து இரண்டு குவளையையும் தூக்கி அடியைப் பார்த்தார். பார்த்துவிட்டு, ஜன்னலோரம் இருந்த அந்தப் பெண்ணைக் காட்டி, “நீ சொல்லு பாப்பா” என்றார்.

அவள் எழுந்தாள். அவரைப் பார்க்கவில்லை, குவளையைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். எந்த விடை எனக்கு வேண்டும் என்று என் முகத்தில் தேடினாள். அந்தப் பார்வையை நான் தாங்கமாட்டாமல் சொன்னேன்: “கண்ணால பாத்ததச் சொல்லுடா.”

“ரெண்டுலயும் ஆறு சார். ஒண்ணுபோலதான்.”

வகுப்பில் சலசலப்பு. இன்ஸ்பெக்டர் புருவத்தைத் தூக்கினார். “புத்தகத்தில் அப்படி இல்லையே டீச்சர்?”

“இல்ல சார். ஆனா உப்புக்கு வித்தியாசம் ரொம்பக் கொஞ்சம், கண்ணுக்குத் தெரியாது. எல்லாப் பொருளும் ஒண்ணு மாதிரி இல்ல. படிகாரத்துல செஞ்சு காட்டுறேன் சார்.”

படிகாரத்தைத் தொடங்கினேன். பிள்ளைகள் பெஞ்சில் முட்டி போட்டுக்கொண்டு எண்ணினார்கள். சுடுதண்ணீரில் ஏழாவது கரண்டி கரைந்துகொண்டிருக்கும்போது மணி அடித்துவிட்டது. இன்ஸ்பெக்டர் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு, “நல்லது” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த வகுப்புக்குப் போனார். பெரிய டீச்சர் என்னைத் திரும்பிப் பார்க்காமல் அவர் பின்னால் போனார்.

நான் மிச்சப் படிகாரத்தையும் போட்டுக் கரைத்து, குவளையை ஜன்னலில் வைத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. சாப்பாட்டு மணிக்குப் பிறகு வந்தபோது ஜன்னலடியில் ஒரே கூட்டம். ஆறிய தண்ணீரின் அடியிலும் ஓரங்களிலும் கண்ணாடி போலக் கற்கள் முளைத்திருந்தன. ஒவ்வொன்றும் பட்டை தீட்டியது மாதிரி. பிள்ளைகள் தள்ளுமுள்ளு. என்ன சத்தம் என்று பார்க்க வந்த பெரிய டீச்சர் குனிந்து பார்த்தார். கோபமாக இருக்க வேண்டும் என்று வந்தவர் போலத்தான் இருந்தார்.

“இது என்னம்மா, கல்கண்டு மாதிரி?”

“படிகாரம் டீச்சர். சுடுதண்ணி ஆறுனதும் கரைஞ்சது திரும்பி வருது.”

“இன்ஸ்பெக்டர் இதப் பாக்காமப் போயிட்டாரே” என்றார். ஒரு கல்லை எடுத்து உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே போனார்.

இன்ஸ்பெக்டர் எழுதியதைப் பிறகு எனக்குக் காட்டினார்கள். செய்முறை நன்று என்றும், பாடம் நேரத்துக்குள் முடியவில்லை, பாடநூலை ஒட்டி நடத்துதல் வேண்டும் என்றும் இருந்தது. பங்குனிக் கடைசியில் அந்த டீச்சர் கைக்குழந்தையோடு திரும்பி வந்தார். என் வேலை முடிந்தது. நான் அஞ்சோடு நிறுத்தியிருந்தால் இடம் கிடைத்திருக்குமா என்று இன்றைக்கும் தெரியாது. பெரிய டீச்சர் எழுதிக் கேட்டதாகத்தான் சொன்னார். அதோடு, கீரனூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் காலி இடம் இருப்பதாகச் சொல்லி, தெரிந்தவர் ஒருவருக்குக் கடிதமும் கொடுத்தார். அக்காவும் அம்மாவும் வேண்டாம் என்றார்கள். நான் பெட்டியைக் கட்டிவிட்டேன்.

கடைசி நாள் வகுப்பிலிருந்து வெளியே வந்தபோது அந்தப் பெண் பின்னாலேயே ஓடி வந்தாள்.

“டீச்சர், ஒரு சந்தேகம். உப்பு ரெண்டுலயும் ஒரே மாதிரி. படிகாரம் சுடுதண்ணியில கூட. அப்ப, சுடுதண்ணியில கம்மியாக் கரையிற சாமான் ஏதாச்சும் இருக்கா?”

அப்படி ஒன்று இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. இருக்காது என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

“தெரியல. பாக்கணும்.”

“சரி டீச்சர்” என்று சிரித்துவிட்டு ஓடிப்போனாள். அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

கீரனூர்ப் பக்கத்துப் பள்ளியில் சேர்ந்து ஏழெட்டு மாதம் கழித்து, பழைய புத்தகம் ஒன்றில் விடை கிடைத்தது. சுண்ணாம்பு. தண்ணீர் சூடாக ஆக அது கரைவது குறைகிறது. நம்பாமல் நானே செய்து பார்த்தேன். தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரைக் காய்ச்சினால் கலங்கியது. அன்றைக்கே ஒரு கார்டில் அதை எழுதி, செய்து பார்த்துவிட்டு நம்பு என்றும் ஒரு வரி சேர்த்து, அந்தப் பெண்ணிடம் கொடுக்கச் சொல்லி, பெரிய டீச்சர் பெயருக்குத் தபாலில் போட்டேன். பதில் வரவில்லை. அந்தப் பெண் எட்டாவது முடித்துவிட்டாள் என்று மட்டும் பிற்பாடு கேள்விப்பட்டேன். கார்டு அவள் கைக்குப் போனதா என்று யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.